மயில் சிலந்தி: அந்த நிறமும் ஆட்டமும் யாருடைய கண்ணுக்காக?

மயில் சிலந்தி ஆஸ்திரேலியாவில் வாழும் மிகச் சிறிய சிலந்தி. இதன் ஆண், பெண்ணின் முன் வண்ண வயிற்றை விசிறிபோல் விரித்து ஆடும். இதைப் பற்றிக் கேட்கப்பட்டவை நான்கு கேள்விகள். காணொளிகளில் தெரியும் அந்த நிறங்கள் உண்மையா, கணினியில் மெருகேற்றப்பட்டவையா? அது வயிற்று விசிறியை விரித்துப் பறக்குமா? ஆட்டம் பிடிக்கவில்லை என்றால் பெண் சிலந்தி ஆணைத் தின்றுவிடுமா? அதை வாங்கி வீட்டில் வளர்க்க முடியுமா? நிறங்கள் உண்மையானவை, அது பறக்காது, தின்பது உண்டு, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை, வளர்ப்பதற்கு ஏற்ற உயிரினம் அல்ல. இவற்றுக்கான காரணங்களை விரிவாகச் சொல்வதற்கு முன் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறேன். இந்தச் சிலந்தியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆணின் அழகை வியப்பதோடு நின்றுவிடுகிறார்கள். அந்த அழகை ஆக்கியது எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பழுப்பு நிறப் பெண்தான். அதன் கண்ணையும் அதன் தேர்வையும் விட்டுவிட்டு நிறத்தை மட்டும் பேசினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

காணொளிகளில் புகழ்பெற்ற இந்த வகையின் அறிவியல் பெயர் மராட்டஸ் வோலன்ஸ். தாவும் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட அந்தக் குடும்பமே சிலந்திகளில் மிகப் பெரியது. வோலன்ஸ் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியில், உலர்ந்த இலைச்சருகும் சிறு குச்சிகளும் கிடக்கும் புதர்க்காட்டுத் தரையில் வாழ்கிறது. உடலின் நீளம் ஏறத்தாழ 4 முதல் 5 மி.மீ. இரை பிடிக்க வலை பின்னுவதில்லை. பகலில் நடந்து திரிந்து, சிறு பூச்சிகளையும் பிற சிலந்திகளையும் கண்ணால் கண்டு, பதுங்கி நெருங்கி, பாய்ந்து பிடிக்கிறது. பட்டு இழை சுரக்காமல் இல்லை. பாயும் முன் கால் ஊன்றிய இடத்தில் ஓர் இழையை ஒட்டிவிட்டுத்தான் பாய்கிறது, தவறி விழுந்தாலும் அந்த இழை தாங்கிக்கொள்ளும். திரையை நிறைத்துக்கொண்டு ஆடும் உருவத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இதன் உண்மை அளவை மறந்துவிடுகிறார்கள். குனிந்து தேடாதவர் கண்ணில் இது வெறும் ஒரு புள்ளியாகக்கூடப் படாது.

முதிர்ந்த ஆணின் வயிற்றின் மேற்பரப்பில் சிவப்பு, நீலம், பச்சை நிறச் செதில்கள் கோலமாக அமைந்திருக்கின்றன. வயிற்றின் இரு பக்கங்களிலும் மடல் போன்ற விரிவுகள் உண்டு. சாதாரண நேரத்தில் அவை கீழ்நோக்கி மடிந்து உடலோடு ஒட்டிக் கிடக்கும். பெண்ணைக் கண்டதும் ஆண் தன் வயிற்றை ஏறத்தாழச் செங்குத்தாக உயர்த்தி, அந்த மடல்களை இரு பக்கமும் விரிக்கிறது. அப்போதுதான் முழு விசிறியும் வெளிப்படும். இளம் ஆண்களுக்கு இந்த நிறம் கிடையாது. கடைசி முறை தோலுரித்து முதிர்ச்சி அடையும் வரை அவையும் பெண்களைப் போலவே பழுப்பும் சாம்பலும் கலந்து, சருகோடு சருகாக மறைந்திருக்கும்.

பறக்கும் என்ற நம்பிக்கை நூற்றைம்பது ஆண்டுப் பழமை உடையது. 1874இல் ஆங்கிலேய மதகுருவும் சிலந்தியியல் அறிஞருமான ஆக்டேவியஸ் பிக்கார்டு-கேம்பிரிட்ஜ் இந்த இனத்தை முதன்முதலாக விவரித்தபோது, ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பப்பட்ட பாதுகாத்து வைத்த உடல்களை வைத்தே எழுதினார். சிலந்தி இந்த மடல்களை விரித்துத் தாவும் தொலைவைக் கூட்டிக்கொள்கிறது என்று அங்கிருந்து வந்த செய்தியை ஏற்று, பறப்பதைக் குறிக்கும் லத்தீன் பெயரையே அதற்குச் சூட்டினார். அந்த எண்ணம் மறுக்கப்பட்ட பிறகும் பெயர் நிலைத்துவிட்டது, ஏனெனில் முறைப்படி சூட்டப்பட்ட அறிவியல் பெயரைப் பொருள் பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக மாற்றுவதில்லை. உயிருள்ள சிலந்திகள் தாவுவதைப் படம்பிடித்துப் பார்த்தபோது, தாவும் நேரத்தில் மடல்கள் விரிவதே இல்லை என்பது தெளிவாயிற்று. அவை முழுக்க முழுக்கக் காட்சிக்கானவை.

தாவுவதற்கு இதற்கு இறக்கை தேவையும் இல்லை. சிலந்திகளின் கால்களில் சில முக்கியமான மூட்டுகளை மடக்குவதற்குத் தசை உண்டு, நீட்டுவதற்குத் தசை இல்லை. உடலின் முன்பகுதியில் உள்ள தசைகள் இறுகி உடல் திரவத்தின் அழுத்தத்தைக் கூட்டும்போது, அந்தத் திரவம் கால்களுக்குள் பாய்ந்து அவற்றை நீட்டுகிறது. அழுத்தத்தைத் திடீரென உயர்த்தினால் பின்கால்கள் சட்டென நிமிர்ந்து உடல் முழுவதையும் முன்னோக்கித் தள்ளிவிடும். பருத்த தொடைத் தசைகளால் துள்ளும் வெட்டுக்கிளியின் முறையிலிருந்து இது முற்றிலும் வேறுபட்டது.

இனி கண்ணுக்கு வருகிறேன். இந்தச் சிலந்தியைப் புரிந்துகொள்ளக் கண்ணைவிட முக்கியமான உறுப்பு வேறில்லை என்பது என் எண்ணம். தாவும் சிலந்திக்கு எட்டுக் கண்கள். முகத்தின் நடுவில் பெரிதாகத் தெரியும் இரண்டும் முதன்மைக் கண்கள். மற்ற ஆறும் தலையின் சுற்றுப்புறத்தில் அமைந்து, ஏறத்தாழ எல்லாத் திசைகளிலும் அசைவைக் கவனிக்கின்றன. முதன்மைக் கண்ணின் வில்லை தலை ஓட்டோடு இணைந்தது, அசையாது. அதன் பின்னால் நீண்ட குழாய் ஒன்று உள்நோக்கிச் செல்கிறது. குழாயின் கடைசியில் மிகக் குறுகிய விழித்திரை இருக்கிறது. வில்லை அசையாவிட்டாலும் குழாயைச் சிறு தசைகள் பக்கவாட்டிலும் மேலும் கீழும் நகர்த்துகின்றன, சற்றே சுழற்றவும் செய்கின்றன. ஆகவே சிலந்தி முன்னால் நிற்கும் உருவத்தை ஒரே பார்வையில் முழுமையாகக் காண்பதில்லை. விழித்திரையை அதன் மேல் நகர்த்தி நகர்த்திப் பகுதி பகுதியாகத் துருவுகிறது. அந்தக் குறுகிய பகுதியில் கிடைக்கும் கூர்மையோ, தன்னைவிடப் பல மடங்கு பெரிய பூச்சிகளுக்கும் வாய்க்காதது.

இந்த அமைப்பிலிருந்து இரண்டு செய்திகள் பிறக்கின்றன. ஒன்று, சில செ.மீ. தொலைவில் நிற்கும் ஆணின் வயிற்றில் உள்ள நுண்ணிய கோலத்தைப் பெண்ணால் பார்க்க முடியும். அது முடியாவிட்டால் அத்தனை நுணுக்கமான கோலம் உருவாகியிருக்க வாய்ப்பே இல்லை. இரண்டு, அதன் முதன்மைக் கண்கள் ஆணின் பக்கம் திரும்ப வேண்டுமென்றால், முதலில் பக்கக் கண்கள் ஓர் அசைவை உணர்ந்தாக வேண்டும். ஆண் எவ்வளவு வண்ணமாக இருந்தாலும் அசையாமல் நின்றால் சருகுகளுக்கிடையே கவனிக்கப்படாமல் போகலாம். நிறத்தோடு ஆட்டமும் சேர்ந்தே இருப்பதற்கு இது ஒரு நல்ல காரணமாக எனக்குப் படுகிறது.

நிறங்கள் உண்மையா என்ற கேள்விக்கு ஆய்வகங்கள் விரிவான விடை தந்துள்ளன. ஆணின் வயிற்றில் உள்ள எல்லா நிறங்களும் ஒரே முறையில் உண்டாவதில்லை. மராட்டஸ் ஸ்ப்ளெண்டென்ஸ் என்ற நெருங்கிய உறவினத்தின் செதில்களை 2016இல் ஸ்டாவெங்கா, ஓட்டோ, வில்ட்ஸ் ஆகியோர் ஆராய்ந்தார்கள். அதன் சிவப்புச் செதில்களிலும் வெளிர்மஞ்சள் செதில்களிலும் நிறமிகள் உள்ளன. அவை ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டு மீதியைத் திருப்புகின்றன. நீலச் செதில்களின் நீலமோ நிறமியால் வருவதல்ல. சிலந்தியின் மேலோட்டை ஆக்கும் கைட்டின் என்ற பொருளாலான மெல்லிய படலங்கள் இரண்டுக்கு நடுவே காற்று இடைவெளி இருக்கும் தட்டையான செதில்கள் அவை. படலங்களில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலக்கும்போது நீலம் மட்டும் வலுப்பெறுகிறது. சோப்புக் குமிழியில் நிறம் தோன்றுவதும் இதே அடிப்படையில்தான். இப்படிப்பட்ட நிறத்தைக் கட்டமைப்பு நிறம் என்கிறோம். நிறமியால் வரும் நிறம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். கட்டமைப்பு நிறமோ பார்க்கும் கோணத்தோடு மாறி மின்னும். ஆண் தன் விசிறியை ஆட்டும்போது நீலம் பளிச்சிட்டு மறைவதை இதைக்கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

நெருங்கிய உறவுள்ள இந்த இனங்களை உள்ளடக்கிய மராட்டஸ் பேரினத்தில் இன்னும் வியப்பானவை உண்டு. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, மராட்டஸ் ராபின்சோனி, மராட்டஸ் கிரைசோமெலாஸ் என்ற இரு இனங்களின் செதில்கள் நம் கண்ணுக்குத் தெரியும் எல்லா நிறங்களையும் வானவில்லைப் போலப் பிரித்துக் காட்டுவதை விளக்கியது. அந்தச் செதில்களின் மேற்பரப்பு விமான இறக்கையின் குறுக்குவெட்டைப் போல வளைந்தது. அந்த வளைவின் மேல் நானோமீட்டர் அளவிலான வரிகள் ஒழுங்காக அமைந்திருக்கின்றன. வளைவும் வரிகளும் சேர்ந்து செயல்படுவதால், மிகச் சிறிய தொலைவுக்குள்ளேயே நிறங்கள் தெளிவாகப் பிரிந்துவிடுகின்றன. 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு இவற்றின் கறுப்பைப் பற்றியது. மராட்டஸ் ஸ்பெசியோசஸ் போன்ற இனங்களில் பளிச்சிடும் நிறங்களை ஒட்டியுள்ள கறுப்புப் பட்டைகள், தம்மேல் படும் ஒளியில் அரை சதவீதத்துக்கும் குறைவாகவே திருப்பி அனுப்புகின்றன. மேல்தோலில் நெருக்கமாக எழும்பிய நுண்புடைப்புகள் ஒளியைக் கண்ணாடிபோல் எதிரொளிக்க விடாமல் உள்ளே இருக்கும் நிறமிக்குள் செலுத்திவிடுவதே காரணம். பக்கத்தில் வெள்ளைப் பளபளப்பு சிறிதும் இல்லாததால், ஒட்டியுள்ள நிறம் தானே ஒளிர்வதுபோல் தோன்றுகிறது. எனவே காணொளியில் யாரோ வண்ணத்தைக் கூட்டியிருப்பார்கள் என்ற ஐயம் எழுவது இயல்பே. கூட்டுவது இந்தக் கறுப்பு.

அடுத்தது ஆட்டம். பெண்ணைக் கண்ட வோலன்ஸ் ஆண் முதலில் தன் மூன்றாம் இணைக் கால்களை உயர்த்துகிறது. மற்றக் கால்களைவிட நீண்ட அவற்றில் தூரிகைபோன்ற கருமயிர்களும் வெண்ணிற நுனியும் உண்டு. அந்தக் கால்களை ஆட்டிக்கொண்டே பெண்ணைச் சுற்றிப் பக்கவாட்டில் நகர்கிறது. பிறகு வயிற்றை நிமிர்த்தி, விசிறியை விரித்து, கால்களோடு இசைந்து இடமும் வலமும் அசைக்கிறது. இது சில நிமிடங்களில் முடிவதும் உண்டு, அரை மணி நேரத்துக்கு மேல் நீள்வதும் உண்டு. பெண் விலகிச் செல்லாமல் நின்றால், ஆண் விசிறியை மடக்கிக்கொண்டு முன்கால்களை நீட்டியபடி மெல்ல நெருங்கும்.

நாம் காணொளியில் காணாத ஒன்றும் இதற்குள் இருக்கிறது. 2011இல் மேடலின் ஜிரார்ட், மைக்கேல் கசுமோவிச், டேமியன் இலயஸ் ஆகியோர், சிலந்திகள் நிற்கும் பரப்பின் மேல் லேசர் கதிரைச் செலுத்தி அதன் நுண்ணிய அதிர்வுகளை அளந்தபோது, ஆண் ஆடும்போதே தன் வயிற்றை நடுக்கி வெவ்வேறு வகையான அதிர்வுகளைத் தரைக்கு அனுப்புவது தெரியவந்தது. சிலந்திகளின் கால்களில், குறிப்பாக மூட்டுகளை ஒட்டி, மிக நுண்ணிய பிளவு வடிவ உணர்வுறுப்புகள் உண்டு. தரையின் நடுக்கத்தைப் பெண் அவற்றின் வழியே உணர்கிறது. ஆக ஒரே நேரத்தில் கண்ணுக்கு ஒரு செய்தியும் காலுக்கு ஒரு செய்தியும் போய்ச் சேருகின்றன. பின்னணியில் பாட்டைச் சேர்த்து வெளியிடப்படும் காணொளிகள் மேல் எனக்குள்ள வருத்தம் இதுதான். சிலந்தி தன் ஆட்டத்துக்குத் தானே தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்தத் தாளத்தை ஒலியாக மாற்றிக் கேட்க வைத்திருந்தால் பார்ப்பவர்களுக்கு இன்னும் பெரிய வியப்பு கிடைத்திருக்கும்.

பெண் இதை எப்படி எடைபோடுகிறது? அதே ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட தொடர் ஆய்வில், ஆண்களைப் பெண்களோடு விட்டு, யார் எவ்வளவு ஊக்கமாக ஆடினார்கள், எப்படி அதிர்வு எழுப்பினார்கள், யார் ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள் என்று ஒப்பிட்டார்கள். கண்ணுக்குரிய ஆட்டத்தில் அதிக முயற்சி காட்டிய ஆண்களுக்கு இணைசேரும் வாய்ப்பு கூடியிருந்தது. அதிர்வுக்கும் பங்கு இருந்தது. நிறம் மட்டும் இருந்தால் போதாது, அதைக் காட்டுவதில் உழைப்பும் வேண்டும் என்பதே இதன் பொருள். பெண்ணும் வெறுமனே நின்று பார்ப்பதில்லை. விருப்பமில்லாதபோது தன் வயிற்றை உயர்த்தி அசைத்து மறுப்பைத் தெரிவிக்கிறது. ஏற்கெனவே இணைசேர்ந்த பெண்களிடம் இந்த மறுப்பு மிகுதி.

இப்படிப் பெண் தேர்ந்தெடுக்கிறது என்ற கருத்தைச் சார்லஸ் டார்வின் 1871இல் விரிவாக முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை. இயற்கைத் தேர்வை அவரோடு சேர்ந்து கண்டறிந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸே, ஆணின் நிறம் அதன் மிகுந்த உயிராற்றலின் வெளிப்பாடு, பெண்ணின் ரசனைக்கு அதில் இடமில்லை என்று வாதிட்டார். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வாழ்ந்த ஜார்ஜ் பெக்கம், எலிசபெத் பெக்கம் தம்பதியர் அங்குள்ள தாவும் சிலந்திகளின் ஆட்டத்தைப் பொறுமையாகக் கவனித்து, 1889இல் டார்வினுக்கு ஆதரவாக எழுதினார்கள். ஆண் எந்தப் பகுதியில் வண்ணம் பெற்றிருக்கிறதோ, அந்தப் பகுதியைத்தான் பெண்ணின் முகத்துக்கு நேரே காட்டி ஆடுகிறது என்ற அவர்களுடைய கவனிப்பு மயில் சிலந்திக்கு எவ்வளவு பொருந்துகிறது! அவர்கள் எழுதிய காலத்தில் வோலன்ஸின் உடல் அறிவியலுக்குத் தெரிந்திருந்தது. அதன் ஆட்டம் பரவலாகத் தெரியவர நூறாண்டுக்கு மேலாயிற்று. சிட்னியில் உண்ணிகளையும் சிற்றுண்ணிகளையும் ஆராய்ந்துவந்த ஜூர்கன் ஓட்டோ 2005இல் கு-ரிங்-காய் சேஸ் தேசியப் பூங்காவில் நடந்துசென்றபோது இந்தச் சிலந்தியைத் தற்செயலாகக் கண்டார். சில ஆண்டுகள் கழித்து அதன் ஆட்டத்தைப் படமெடுத்து வெளியிட்டார். உலகம் மயில் சிலந்தியை அறிந்தது அதன் பிறகுதான்.

பெண் தின்றுவிடுமா என்ற கேள்வியில் மிகையும் உண்மையும் கலந்திருக்கின்றன. தாவும் சிலந்தி எதுவாயினும் தன் அளவுக்கு நெருங்கிய, அசையும் உயிரை இரையாகப் பார்க்கக்கூடியது. பெண் ஆணின் மேல் பாய்வது நிகழத்தான் செய்கிறது. ஆனால் பெரும்பாலான நேரங்களில் மறுப்பைக் காட்டியோ விலகிச் சென்றோ பெண் விவகாரத்தை முடித்துக்கொள்கிறது, ஆணும் துள்ளித் தப்பிவிடுகிறது. தோற்ற ஆணுக்கு மரண தண்டனை என்ற வகையில் சொல்லப்படும் கதை, ஆட்டத்தின் நோக்கத்தையே திரித்துவிடுகிறது. உயிர் பிழைப்பதற்காக ஆண் ஆடுவதில்லை. நான் உன் இனம், நான் இரையல்ல, நான் வலுவானவன் என்ற மூன்றையும் கூரிய கண்ணும் விழிப்பும் உடைய ஒரு வேட்டைக்காரிக்குத் தெரிவிக்கவே ஆடுகிறது.

இந்த ஆட்டத்தைக் காணும் காலம் குறுகியது. ஆஸ்திரேலியாவின் வசந்த காலத்தில், ஏறத்தாழ ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை, முதிர்ந்த ஆண்களைக் காணலாம். பருவம் முடிவதோடு அவை மடிந்துவிடும். பெண் அதற்குப் பின்னும் வாழ்ந்து, பட்டால் கூடமைத்து முட்டையிட்டு அதைக் காத்துக் கிடக்கும். முழு வாழ்க்கையே ஏறத்தாழ ஓராண்டுதான்.

மராட்டஸ் பேரினத்தில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பகுதி கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் ஓட்டோ, டேவிட் ஹில், ஜோசஃப் ஷூபர்ட் முதலியோரால் விவரிக்கப்பட்டவை. எல்லாவற்றுக்கும் விசிறி மடல் கிடையாது. 2021இல் விவரிக்கப்பட்ட மராட்டஸ் நெமோவின் வயிற்றில் சிறப்பான கோலம் ஏதுமில்லை, முகம்தான் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டைகளோடு ஒளிர்கிறது. அது வாழும் இடமும் உலர்ந்த சருகுத் தரையல்ல, ஈரநிலம். சில இனங்களின் வாழிடம் மிகச் சுருங்கியது. மேற்கு ஆஸ்திரேலியாவின் மராட்டஸ் சாராயே, ஸ்டர்லிங் மலைத்தொடரின் உயர்ந்த சிகரங்களில் மட்டுமே அறியப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெரிய காட்டுத்தீ பரவினால், தப்பிச் செல்ல வேறு நிலமில்லாத ஓர் இனம் முழுவதுமே ஆபத்துக்குள்ளாகும். சருகையும் தாழ்ந்த புதரையும் நம்பி வாழும் 5 மி.மீ. உயிரால் தீயை முந்தி ஓட முடியாது. நிறத்தை வியப்பவர்கள் இந்தக் கவலையையும் சேர்த்துப் பகிர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கடைசியாக வளர்ப்பைப் பற்றி. மயில் சிலந்தியால் மனிதருக்குத் தீங்கில்லை. எல்லாத் தாவும் சிலந்திகளையும் போல இதற்கும் நஞ்சு உண்டு, ஆனால் அது சிறு பூச்சிகளுக்கானது. வளர்ப்பதை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் வேறு. நீங்கள் பார்க்க விரும்புவது ஆணின் விசிறி. அந்த நிறத்தோடு ஆண் வாழ்வது சில மாதங்களே. பெண் எதிரில் இல்லாவிட்டால் அது விசிறியை விரிக்கப் போவதும் இல்லை. அதன் அளவுக்கேற்ற உயிருள்ள இரையை இடைவிடாமல் தேடித் தருவதும் எளிதல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து உரிமம் இல்லாமல் அந்நாட்டு உயிரினங்களை வெளியே கொண்டுபோவது சட்டப்படி குற்றம். குறுகிய வாழிடம் கொண்ட இனங்களை விற்பனைக்காகப் பிடிப்பது அவற்றுக்கு நேரடிக் கேடு. தாவும் சிலந்திகளைக் கவனிக்கும் ஆர்வம் உங்களுக்கு உண்மையாகவே இருக்குமானால், வெயில் படும் சுவரிலோ செடியின் இலையிலோ இருக்கும் ஏதேனும் ஒரு தாவும் சிலந்தியைக் கண்டுபிடித்து, சற்றுத் தள்ளி நின்று விரலை மெல்ல அசையுங்கள். பக்கக் கண்கள் அசைவை உணர்ந்ததும் உடலைத் திருப்பி, முதன்மைக் கண்கள் இரண்டையும் உங்கள் பக்கம் நிறுத்தி உற்றுப் பார்க்கும். மயில் சிலந்தியின் பெண் தன் முன் ஆடும் ஆணைப் பார்ப்பதும் இந்த முறையில்தான்.